மூலையில் ஒளிந்திருக்கும் பூனையையும் பாருங்கள்

பூனைக் காப்பகத்துக்குள் நுழைந்ததும் நம் கண் போவது கம்பியோரம் வந்து உரசுகிற பூனையிடம்தான். மூலையில் சுருண்டு முறைத்துக்கொண்டிருப்பதை, "இது ஒத்துவராது" என்று தாண்டிவிடுவோம். பெரும்பாலும் அது அவசர முடிவு.

பூனை இடத்தோடு ஒட்டி வாழும் பிராணி. பழகிய வாசனையும் மறைவிடமும் ஒரே நாளில் போய்விட்டால் அது என்ன செய்யும்? ஒளியும். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் இதை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். அவற்றுக்கு முதல் சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தது. மற்றவை அந்த நிலைக்கு வர இரண்டு வாரம் வரை ஆனது. அதாவது, நாம் கூண்டில் பார்ப்பது பூனையின் குணத்தை அல்ல, பயத்தை. அதனால் முதல் கேள்வி: "இது வந்து எத்தனை நாள் ஆச்சு?"

குணத்தில் நிஜமாகவே முக்கியமானது வேறு. பிறந்த 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி பிற்காலத்திலும் மனிதர்களிடம் எளிதாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டதா, தெருவிலேயே பிறந்ததா என்று ஊழியரிடம் கேளுங்கள். பிறகு கூண்டருகே பக்கவாட்டில் உட்கார்ந்து, விரலை நீட்டி, கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். இப்படிச் செய்தவரிடம் பூனைகள் அதிகம் நெருங்கியதாக 2020-இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. மோந்து பார்க்க வந்தால் நல்ல அறிகுறி. வராவிட்டால் இன்னொரு நாள் போய்ப் பாருங்கள்.

பயத்துக்குச் சலுகை தரலாம், நோய்க்குத் தரக்கூடாது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, தொடர் தும்மல் இருந்தால் சுவாசத் தொற்றாக இருக்கலாம். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி அழுக்கு இருந்தால் காதுப் பூச்சி. ரோமத்தில் இருக்கும் கருப்புத் துகள் ஈரப் பஞ்சில் செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சி இருக்கிறது. ஒல்லி உடம்பு, உப்பிய வயிறு என்றால் குடல்புழுவைச் சந்தேகிக்கலாம். இவற்றில் பலவும் குணமாகக்கூடியவைதான். டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஆனால் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வெளிறிய ஈறு, சாப்பிடாமல் துவண்டு கிடப்பது ஆகிய மூன்றும் அவசரம். அன்றைக்கே சிகிச்சை வேண்டும்.

தூய வெள்ளை, இரண்டு கண்ணும் நீலம் என்றால் காது கேட்கிறதா பாருங்கள். அப்படிப்பட்ட பூனைகளில் 65 முதல் 85 சதவீதம் வரை செவிடு. முதுகுக்குப் பின்னால் சாவியை ஆட்டினால் ஓரளவு தெரிந்துவிடும். செவிட்டுப் பூனையும் வீட்டுக்குள்ளேயே சுகமாக வாழும். வெளியே விட்டால்தான் ஆபத்து.

தடுப்பூசி, கருத்தடை விவரங்களோடு, பூனை ரத்தப்புற்று வைரஸ் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இது கட்டாயம்.

பொருத்தம் பார்ப்பது நம் வீட்டைப் பார்ப்பதுதான். நாள் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் ஒற்றைக் குட்டி திரைச்சீலையைக் கிழித்துத்தான் பொழுதுபோக்கும். அங்கே மூன்று நான்கு வயதுப் பூனை மேல், அல்லது கூடப் பிறந்த இரண்டு குட்டிகள். சின்னக் குழந்தைகள் இருந்தால், தூக்கினால் விறைக்காத, சத்தத்துக்குப் பதறாத பெரிய பூனை நல்லது.

கொண்டுவந்ததும் இரண்டு வாரம் தனி அறை, மணல் தட்டு, ஓர் அட்டைப்பெட்டி. மறைந்திருக்கும் தொற்று இருந்தால் பெரும்பாலும் இந்தக் காலத்துக்குள் வெளிப்பட்டுவிடும். பழைய பூனைக்கும் பாதுகாப்பு. முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாலும் சாப்பிடுகிறதா, மணலில் போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவே இல்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். மற்றபடி இழுத்து வெளியே எடுக்காதீர்கள். "பழகவே மாட்டேங்குது" என்று முதல் வாரத்திலேயே திருப்பிக் கொடுத்தால், அது மறுபடியும் அதே மூலைக்குத்தான் போகும்.