குலுக்கினால் மாறும் புரதம்

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் திட்டுத் திட்டாகப் படியும் அமிலாய்டு பீட்டா மிகச் சிறிய புரதம்; பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள்தான். 2005-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ராபர்ட் டைக்கோவின் குழு, 40 அமினோ அமிலங்கள் கொண்ட வடிவத்தைக் கரைத்து, ஒரு பகுதியை அசையாமல் வைத்தது. மற்றொன்றை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தது. இரண்டிலும் இழைகள் வளர்ந்தன. ஆனால் அசையாததில் முறுக்கிய இழைகள்; சுழன்றதில் பக்கம் பக்கமாக ஒட்டிய பட்டைகள். நரம்பு செல்களுக்கு அவை செய்த கேடும் ஒரே அளவாக இல்லை.

அந்த இழைகளைத் துண்டாக்கிப் புதுக் கரைசலில் இட்டபோது, தாய் இழையின் அமைப்பிலேயே சேய் இழைகள் வளர்ந்தன. எந்த உறைமோர் ஊற்றுகிறோமோ அந்தத் தயிர்தான் கிடைக்கும்!

இதனால்தான் புரதத்தைச் சுத்திகரிப்பது இவ்வளவு பெரிய வேலையாகிறது. பொடியாக வரும் அமிலாய்டு பீட்டாவில் கண்ணுக்குத் தெரியாத கட்டிகள் ஏற்கெனவே இருக்கலாம், அவையே விதைகளாகிவிடும். 1990-களின் தொடக்கத்தில், இந்தப் புரதம் செல்லைக் கொல்கிறதா என்பதில் ஆய்வகங்களின் முடிவுகள் முரண்பட்டன. கரைத்துச் சில நாள் வைத்திருந்த புரதம் திரண்டு நச்சாக மாறுவதையும், புதிதாகக் கரைத்தது அப்படி இல்லை என்பதையும் 1991-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். குப்பியின் வயது பதிவேட்டில் எழுத வேண்டிய ஒன்றாயிற்று. இன்று பலர் பழைய மடிப்புகளைக் கலைக்க ஃபுளூரின் அணுக்கள் கொண்ட ஆல்கஹாலில் கரைத்து, உலர்த்தி, உறைகுளிரில் வைக்கிறார்கள். வேறு சிலர் சல்லடைபோல் அளவு பிரிக்கும் குழாயில் செலுத்தி ஒற்றை மூலக்கூறுகளை மட்டும் எடுக்கிறார்கள். காற்றுபட்டு 35-ஆவது இடத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் இழை உருவாகும் வேகம் குறையும்.

குளிர் எப்போதும் காவலன் அல்ல. பார்க்கின்சன் நோயில் திரளும் ஆல்ஃபா சினூக்ளீனின் இழைகள் குளிரில் கலைந்துபோகின்றன. அவற்றை ஃப்ரிட்ஜில் வைப்பதும் பனிக்கட்டியில் உருக்குவதும் வேண்டாம் என்றே கைதேர்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் இதில் பங்குண்டு. இன்சுலினும் அமிலாய்டு இழையாகத் திரளக்கூடியது. வெப்பமும் குலுக்கலும் அதைத் தூண்டும். குப்பியை வேகமாகக் குலுக்காதீர்கள் என்று எச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனைக்குழாய் இழை, மூளை இழையின் நகல்தானா? 2017-இல் கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஷெரஸ், கோடர்ட் குழுவினர் அல்சைமர் மூளையில் திரளும் மற்றொரு புரதமான டௌவின் இழைகளை அங்கிருந்தே எடுத்து, அவற்றின் அமைப்பைக் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டார்கள். ஆய்வகங்கள் காலங்காலமாக ஹெபாரின் என்ற பொருளைச் சேர்த்து வளர்த்த டௌ இழைகள் அவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பது 2019-இல் தெரிந்தது. பல ஆண்டு ஆய்வுகளின் அடித்தளத்தையே அசைத்த சேதி. பிறகு உப்பையும் குலுக்கலையும் புரதத் துண்டின் நீளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, 2022-இல் அதே ஆய்வகம் மூளையில் உள்ள மடிப்பையே குழாயில் வளர்த்தது.

மூளையிலிருந்து இழைகளைப் பிரிக்கப் பெரும்பாலும் சார்கோசில் என்ற சோப்பு போன்ற பொருள் பயன்படுகிறது. அதுவே வடிவத்தைக் குலைக்கிறதோ என்ற ஐயத்துக்கு 2023-இல் பதில் கிடைத்தது: உப்புநீர்க் கரைசலில் ஊறவைத்து எடுத்த அமிலாய்டு பீட்டா இழைகளிலும் அதே அமைப்பு. ஆனாலும், பிரித்தெடுக்கும்போதே கரைந்துபோகும் இழைகள் எந்த நுண்ணோக்கியின் கண்ணிலும் படப்போவதில்லை.