கொதிகலனின் காற்றுக் கணக்கு

கொடும்பாளூரின் நெடுங்குளம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும் இடம் அது. அதுவானாலும் வேறு எந்தக் குளமானாலும், மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. அளவுகோல் ஐந்தடி காட்டினாலும், மடை இரண்டடி உயரத்தில் இருந்தால் பாசனத்துக்கு மூன்றடிதான். குளம் நிரம்பினாலும் குறைந்தாலும் கழிக்க வேண்டியது அதே இரண்டடி. ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இப்படி மாறாமல் கூட்டும் அல்லது கழிக்கும் தொகைக்குப் பயாஸ் என்று பெயர். ரேஷியோ என்பது பெருக்கும் எண். ஒன்றின் பிழையை மற்றொன்றால் திருத்த முடியாது.

இரண்டும் சேர்ந்து தேவைப்படும் இடத்துக்கு, கொடும்பாளூருக்கு வடக்கே, திருவெறும்பூர் பெல் ஆலையில் உருவாகும் பெரிய அனல்மின் கொதிகலன்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிய ஏறக்குறைய 11.5 கிலோ காற்று வேண்டும். நிலக்கரியில் சாம்பலும் ஈரமும் கலந்திருப்பதால் அதற்குத் தேவை குறைவு. ஆனால் கரித்தூள் எங்கும் காற்றோடு கலக்க, கணக்குக்கு மேல் 20 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாக ஊதுகிறார்கள். சுமை குறையும்போது கலப்பு மோசமாகிறது, கூடுதல் காற்றின் பங்கு உயர வேண்டியிருக்கிறது. விளக்கத்துக்காக ஒரு கணக்கு: மணிக்கு 100 டன் கரிக்கு 600 டன் காற்றும், 50 டன்னுக்கு 330 டன்னும் சரியாக இருப்பதாகச் சோதனையில் தெரிகிறது. கரியளவுக்கேற்பக் காற்றை அளிக்கும் கருவியில், முழுச்சுமையை மட்டும் பார்த்து ரேஷியோவை 6 என்று வைத்தால், பாதிச்சுமையில் 30 டன் குறையும். கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு எழும். அதைச் சரிக்கட்ட ரேஷியோவை 6.6 ஆக்கினால், முழுச்சுமையில் 60 டன் வீண்காற்று வெப்பத்தைச் சுமந்து புகைபோக்கி வழியே போகும். விடை இரண்டு அளவீடுகளின் வேறுபாட்டில் இருக்கிறது: 270-ஐ 50-ஆல் வகுத்தால் ரேஷியோ 5.4, அதைக் கரியளவால் பெருக்கியது போக மிச்சமிருக்கும் 60 டன்தான் பயாஸ்.

புகையின் ஆக்சிஜனை அளந்து கருவியே திருத்திக்கொள்ளாதா என்று கேட்கலாம். திருத்தும், ஆனால் தாமதமாக. புகை அளவியை அடைவதற்குள் சுமை மாறியிருக்கும். குழாய் இடுக்கில் வெளிக்காற்று புகுந்தால் ஆக்சிஜன் மிகுதியாகத் தெரிந்து, கருவி காற்றைத் தவறாகக் குறைக்கும். அதனால்தான் அந்தத் திருத்தத்துக்கு எல்லை வைக்கிறார்கள். எப்போதும் முழுச்சுமையில் ஓடும் நிலையத்துக்கு ஒரு புள்ளி போதும் என்ற வாதம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. இன்று நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகுவதால் அனல்நிலையங்கள் குறைந்த சுமையில் ஓட வேண்டியிருக்கிறது. ஆகவே இரு சுமைகளில் அளந்து கோடு போட்ட பின், இடைப்பட்ட மூன்றாவது சுமையிலும் சோதிக்க வேண்டும். அங்கே பொருந்தாவிட்டால் தேவை நேர்கோடாக இல்லை என்று பொருள். அப்போது ஒரே ரேஷியோவை விட்டுவிட்டு, சுமைக்கேற்ற காற்றளவுப் பட்டியலைக் கருவியில் ஏற்றுவதே சரி.