வீடிழந்தோர் தட்டவேண்டிய கதவு எது?

மலைநாட்டில் மழை வலுக்கும்போதெல்லாம் லயன் குடியிருப்புகளில் உறக்கம் தொலைந்துவிடுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா சூறாவளி நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் மண்சரிவினால் இருப்பிடம் இழந்தோர் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தஞ்சமடைய நேர்ந்தது.

நகரவாசி ஒருவரின் வீடு இடிந்தால் அவர் உறுதிப்பத்திரத்துடன் நிவாரணம் கோரலாம். தோட்டத் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தோட்டக் காணி அரசின் உடைமை. முகாமைத்துவம் 1992 இல் கம்பனிகளிடம் கைமாறியது. தலைமுறைகளாக வாழ்ந்த காம்பிராவும் அவர் பெயரில் இல்லை. எனவே எந்தத் தேவைக்கும் தோட்டத்துரையின் அலுவலகத்தையே நாடும் பழக்கம் இன்றும் நீடிக்கின்றது. அந்தப் பழக்கமே பலரை அரச பதிவேடுகளுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது.

இதன் விலை என்ன என்பதை அயல் மாவட்டமான பதுளையில் கண்டோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதையுண்டன. ஆபத்து குறித்து 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. உயிர்தப்பியோரிற் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நாட்களைக் கழித்து, புதிய வீடுகளுக்காக 2016 வரை காத்திருந்தனர்.

ஆகவே பாதிக்கப்பட்டோர் அறியவேண்டியவை சில உள்ளன. அனர்த்த வேளையில் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவிக்கலாம். அடுத்து கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்தல் அவசியம். ஒரே காம்பிராவில் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்திருப்பின் இரண்டும் தனித்தனியே பதிவாதல் வேண்டும். இல்லையேல் ஒரு குடும்பம் கணக்கில் இல்லாமற் போகும். பிறப்புச் சான்றிதழ் மண்ணோடு போயிருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். பழைய இடத்துக்குத் திரும்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டைக் கேட்டறிய வேண்டும். பாதை, குடிநீர் போன்றவற்றுக்குப் பிரதேச சபையை அணுகலாம். தோட்டங்களுக்குச் சேவையாற்ற அச்சபைகளுக்கிருந்த தடை 2018 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் நீங்கியுள்ளது. மனுவைத் தமிழில் அளித்துத் தமிழிலேயே பதில் பெறுவதும் உரிமையே.

எனினும், உடுத்த துணியுடன் வெளியேறியவரை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது நியாயமாகாது. ஒவ்வொரு தற்காலிக முகாமுக்கும் தமிழறிந்த உத்தியோகத்தர் சென்று பதிவுகளை அங்கேயே முடித்துக்கொடுக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் இதற்குத் துணைநிற்கலாம். காணி உறுதி இல்லை என்பது நிவாரணத்தை மறுக்கும் காரணமாக அமையலாகாது. அந்த உறுதியை இம்மக்களுக்கு இதுவரை வழங்காதது அவர்களது குற்றமன்று என்பதை அதிகாரிகள் மறந்துவிடலாகாது.