நிற்கும் காரின் இரைச்சல்

சகோதரிகளே, பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வரும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்கிறீர்கள். அக்ஸிலேட்டரில் உங்கள் கால் இல்லை. ஆனாலும் எஞ்சின் இரைகிறது. பிரேக்கைச் சற்றுத் தளர்த்தினால் வாகனம் முன்னே பாயப் பார்க்கிறது. இதைச் சிறு விடயமென்று விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுப் பழைய ஓட்டோ கியர் காரில் இதை முதலில் கவனித்தவர் என் மனைவிதான். "இஞ்ச பாருங்க, காலை எடுத்தா தானாப் போகப் பார்க்குது" என்றார். பழகிய கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ஒரு திருகாணியைத் திருகி, இரைச்சலைக் குறைத்துத் தந்தார்கள். பத்து நாளில் பழைய கதைதான். கூடவே பிரேக் பெடலும் கல்லாக இறுகிவிட்டது. அப்போதுதான் பயம் பிடித்தது. வேறொரு மெக்கானிக் போனட்டைத் திறந்து, பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த இறப்பர் குழாயைப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு!

பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சி இழுக்கும். அந்தக் காற்று வரும் வழியில் ஒரு தகட்டுக் கதவு உண்டு. அக்ஸிலேட்டரை மிதித்தால் அது திறக்கும். காலை எடுத்தால் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது கதவுக்கு உட்புறம் காற்றுக் குறைந்து பலமான இழுவை உண்டாகும். நல்ல எஞ்சினில், வெக்யூம் அளக்கும் மானியில், இது பெரும்பாலும் 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவு காட்டும். பிரேக் மிதிக்கும்போது நமது காலுக்கு உதவுவதும் இதே இழுவைதான்.

கதவுக்கு உட்புறம் ஒரு குழாய் வெடித்தால், வெளிக்காற்று அதன் வழியே உள்ளே புகுந்துவிடும். கசிவு என்றால் வெளியே ஒழுகுவது என்றே நினைப்போம். இங்கே எல்லாம் தலைகீழ். கதவு மூடியிருந்தும் காற்றுக் கிடைக்கிறது. பல வாகனங்களில் அதைக் கண்ட கணினி பெற்றோலையும் கூட்டிவிட, எஞ்சின் வேகமெடுக்கிறது. வேறு சில வாகனங்கள் இரைவதற்குப் பதிலாகக் குலுங்கும். அல்லது ஏறி ஏறி இறங்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் நிமிடத்துக்கு 1,200, 1,500 சுற்று ஓடுவது நோயல்ல. சூடேறிய பிறகு, பெரும்பாலான கார்களில், முள் 700-850 அளவுக்கு இறங்கிவிட வேண்டும். ஏ.சி. போட்டால் சற்றுக் கூடும். இறங்காவிட்டால் முதலில் காலடியைப் பாருங்கள். தரைவிரிப்பு பெடலில் சிக்கியிருப்பதும் உண்டு. அதற்காகக் கராஜுக்குக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்!

அதுவல்ல என்றால், எஞ்சின் நின்று ஆறிய பிறகு போனட்டைத் திறந்து, இறப்பர் குழாய்களை விரலால் தடவிப் பாருங்கள். சூட்டில் காய்ந்த இறப்பர் வளைவுகளிலும், மாட்டியிருக்கும் நுனிகளிலும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்திலும்தான் வெடிக்கும். எண்ணெய்ப் புகை போகும் குழாய் ஊறிப்போய்க் கொழகொழவென்றிருக்கும். எஞ்சின் ஓடும்போது "ஸ்ஸ்" என்ற சீற்றம் கேட்டால் அதுவும் அடையாளமே. ஆனால் அபாயாவின் கையோ முந்தானையோ பெல்ட்டில் சிக்கிவிடும். விசிறியும் திடீரெனச் சுழலத் தொடங்கும். ஆகவே எட்ட நின்றே கேளுங்கள்.

மிச்சம் கராஜின் வேலை. குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடிப்பார்கள். எதை நசுக்கும்போது இரைச்சல் தணிகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். சிலர் சூடான எஞ்சினில் தீப்பற்றும் திரவத்தை விசிறிப் பார்ப்பார்கள்; அதற்கு இடங்கொடாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே புகையைச் செலுத்தி, அது எங்கே வெளிவருகிறதென்று பார்க்கும் கருவி இருக்கிறது. அது வைத்திருக்கும் இடத்தை விசாரித்துப் போவது மேல்.

பிரேக்கை நீங்களே சோதிக்கலாம். கியரைப் பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, எஞ்சினை நிறுத்துங்கள். பெடலை ஐந்தாறு தடவை மிதித்தால் அது இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் காரைத் தெருவில் எடுக்காமல், மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

எங்கள் காரில் புதுக் குழாய் மாட்டியதும் பெடல் மிருதுவானது. ஆனால் காலை எடுத்தால் எஞ்சின் நின்று நின்று போயிற்று. முதல் கராஜில் திருகிய திருகாணியை மெக்கானிக் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தார். முள் 800இல் வந்து நின்றது.