அச்சிட்ட பிளாஸ்டிக் பற்சில்லு: பயனும் எல்லையும்

காலபோக விதைப்புக்குரிய மண்ணீரம் எவருக்காகவும் காத்திராது. அந்நாட்களில் கைவிதைப்புக் கருவியின் சிறிய பற்சில்லொன்று ஒடியுமாயின், கருவி முழுவதும் கொட்டிலில் முடங்கும். உதிரிப்பாகம் கடையிற் கிடையாதவிடத்து, அதனைப் பிளாஸ்டிக்கினால் அச்சிட்டுக்கொள்ளும் வழி இன்று உண்டு.

பற்சில்லு நமக்குப் புதிதன்று. சூத்திரக் கிணறுகளில் மாட்டின் சுற்றுநடையை நீரிறைக்கும் சுழற்சியாக மாற்றியவை பற்சில்லுகளே. 12 பற்களுடைய சில்லு 36 பற்களுடைய சில்லைச் சுழற்றினால், வேகம் மூன்றிலொன்றாகும்; உராய்வில் இழப்பது நீங்க, முறுக்குவலு ஏறத்தாழ மும்மடங்காகும். ஆதலால், புதிய சில்லின் பற்களின் தொகையும் அளவும் பழையதை ஒத்திருத்தல் வேண்டும். தொகை மாறின், விதை விழும் இடைவெளியும் மாறிவிடும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் பிளாஸ்டிக் இழையை உருக்கி, படைமேற் படையாக இட்டுப் பொருளை ஆக்குகின்றது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய ரெப்ராப் திட்டம், இவ்வியந்திரத்தின் அமைப்பை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. அவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் இழையைத் தள்ளும் பற்சில்லுகளும் அச்சிட்ட பிளாஸ்டிக்கே.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. சில்லைப் படுக்கையாக வைத்தே அச்சிடுவித்தல் வேண்டும். நிறுத்தி அச்சிட்டால் பற்கள் படைவழியே பிளந்துவிடும்.

2. பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகும். வெயிலிலும் எஞ்சின் அருகிலும் இருக்கும் கருவிக்கு அது ஆகாது. தேய்வைத் தாங்குவதில் நைலோன் சிறந்தது.

3. சுழல்தண்டு பொருந்தும் துளை விரைவிற் தேய்ந்து வழுக்கும். அவ்விடத்தில் உலோகக் குடம் பொருத்துதல் நன்று.

4. செம்மண் புழுதி கிறீசுடன் கலந்தால் பற்களை அராவும். சில்லுகளுக்கு மூடியிட்டு, அடிக்கடி துடைத்தல் வேண்டும்.

5. உழவு இயந்திரத்தின் கியர் பெட்டிக்கும், ஒடிந்தால் ஆளுக்குக் காயம் நேரக்கூடிய எவ்விடத்துக்கும் இதனைப் பயன்படுத்தலாகாது.

பிளாஸ்டிக்கின் மென்மையிலும் ஒரு நன்மையுண்டு. கல் சிக்கும்போது அதன் பல் முதலில் ஒடிந்து, விலைகூடிய உருக்குத்தண்டைக் காக்கக்கூடும்.

ஒடிந்த சில்லை எறிந்துவிடாதீர்கள். புதியதற்கு அளவு தருவது அதுவே. விதைப்புக்கு முன்னரே இரண்டு சில்லுகள் செய்வித்து, ஒன்றைப் பூட்டி, கருவியை முற்றத்தில் உருட்டி விழும் விதைகளை எண்ணிப் பாருங்கள். மற்றையதைக் கருவியுடன் வயலுக்குக் கொண்டு செல்லுங்கள். ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுங்கள்.