உங்களுக்குத் தெரியுமா? ஸ்டீவ் ஜாப்ஸின் கறுப்புச் சட்டை

ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் வழக்கமாக அணிந்த, கழுத்து மூடிய கறுப்பு மேலாடையை உருவாக்கியவர் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே.

சோனி ஊழியர்களுக்கு மியாகே வடிவமைத்த சீருடையைப் பார்த்த ஜாப்ஸ், ஆப்பிளுக்கும் ஒன்று கேட்டார். ஆப்பிள் ஊழியர்களோ ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். பிறகு தனக்கு மட்டும் மேலாடை கேட்டார். ஏறத்தாழ நூறு வந்து சேர்ந்தன!

1938-ல் ஹிரோஷிமாவில் பிறந்த மியாகேவுக்கு, அணுகுண்டு விழுந்தபோது வயது 7. கதிர்வீச்சுக்குத் தாயைப் பறிகொடுத்தார். அனுதாபம் தேடவில்லை; 2009-ல்தான் அதைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் மனம் திறந்து எழுதினார்.

பாரிஸிலும் நியூயார்க்கிலும் தொழில் பழகி, 1970-ல் டோக்கியோவில் சொந்த ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1973 முதல் பாரிஸிலும் அவர் ஆடைகள் மேடையேறின.

உலகச் சந்தையில் அவர் பெயரை நிலைநாட்டியது, 1993-ல் வந்த 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்'. வழக்கமாகத் துணியில் மடிப்பு வைத்த பிறகே வெட்டித் தைப்பார்கள். மியாகே அதைத் தலைகீழாக்கினார். மூன்று மடங்குவரை பெரிதாகத் தைத்த பாலியெஸ்டர் ஆடையைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து, சூடான அழுத்த இயந்திரத்தில் கொடுத்தார். மடிப்பு நிலைத்துவிடும். சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம், மெஷினில் துவைக்கலாம். இஸ்திரிப் பெட்டிக்கு வேலையே இல்லை.

2022-ல், 84-வது வயதில் மியாகே காலமானார். 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' இன்றும் விற்பனையில் இருக்கிறது.