கூன் விழுந்த முதுகும் சிமெண்ட் ஊசியும்

அறுபதைத் தாண்டிய அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிறார். முதுகில் சுளீரென்கிறது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் அன்று இதை வாயுப்பிடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். நொச்சி இலை ஒத்தடம், தைலம், கேட்காவிட்டால் மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நடமாடும்போது கூன் விழுந்திருக்கும். வயசானால் அப்படித்தான் என்று வீடே ஏற்றுக்கொண்டது. உள்ளே ஒரு முள்ளெலும்பு நசுங்கிப் போயிருக்கலாம் என்று படம் எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. படுத்தே கிடந்ததில் தசை கரைந்து, எலும்பு இன்னும் மெலிந்ததுதான் பெரிய கொடுமை.

1984இல் பிரான்சின் அமியான் நகரில் காலிபெர், தெராமோன் என்ற இரு மருத்துவர்கள், ரத்தநாளக் கட்டி அரித்த கழுத்தெலும்பு ஒன்றுக்குள் ஊசி வழியே சிமெண்டைச் செலுத்தினார்கள். நலிந்த முள்ளெலும்பைச் சிமெண்டால் நிரப்பித் தாங்கும் வெர்டிப்ரோபிளாஸ்டி அங்கே பிறந்தது. பலூனை உள்ளே விரித்து இடம் உண்டாக்கிவிட்டு நிரப்பும் கைஃபோபிளாஸ்டி 1990களின் இறுதியில் வந்தது.

இன்று நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசி எலும்புக்குள் இறங்குகிறது. பற்பசைப் பதத்துக்கு வந்த சிமெண்ட் சில மில்லிலிட்டர் போதும், நிமிடங்களில் இறுகிவிடும். தையல் போடும் அளவுக்குக்கூடக் காயமில்லை. பலர் அன்றே எழுந்து நடக்கிறார்கள். சிமெண்ட் கசிந்து நரம்பையோ நுரையீரலையோ எட்டும் ஆபத்து மட்டும் சிறிதளவு உண்டு.

ஆனால் எல்லோருக்கும் இது தேவையா? 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் போட்டவர்களுக்கும் போட்டதுபோல் பாவனை செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது. 2016இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வோ, முறிந்து ஆறு வாரத்துக்குள் கடும் வலியோடு வந்தவர்களுக்குப் பலன் கண்டது. முறிவு புதிதா பழையதா என்பதை எம்ஆர்ஐ காட்டிவிடும். மாத்திரை, பெல்ட், மெல்ல நடை என்றிருந்தாலே பலருக்கு மூன்று மாதத்துக்குள் வலி அடங்குகிறது. ஊசியைவிட, முறிவை முறிவென்று காலத்தில் கண்டுபிடிப்பதையே பெரிய மாற்றமாக நான் நினைக்கிறேன்.

முன்பு பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாறாதது ஒன்று இருக்கிறது. சிமெண்ட் அந்த ஓர் எலும்பைத்தான் தாங்கும். பக்கத்து எலும்பும் அதே மெலிவில்தான் இருக்கிறது. எலும்பு அடர்த்திச் சோதனை, வைட்டமின் டி, எலும்பு மெலிவுக்கு ஆண்டுக்கொரு முறை ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் பற்றியெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவரும் மகளுக்கு மாதவிடாய் நின்றிருந்தால், தன் எலும்பைப் பற்றியும் அவர் அங்கேயே கேட்கலாம்.